ஙகரம் கேட்ட நண்பகல்

மேற்கே வெள்ளியங்கிரியின் நீல நெற்றியில் ஒரு முகில்கூடத் தங்காது போன வறட்சியாண்டு அது. தொண்டாமுத்தூர்த் தென்னைகள் மட்டைகளைத் தளர்த்திக்கொண்டு நிற்கவும், காரமடைத் தேர்வீதியில் புழுதி எழுந்து கோபுரத்தின் கால்வரை படியவும், அன்னூர் மேட்டுக்காட்டுக் கிணறுகள் அடிப்பாறையைக் காட்டிப் பல்லிளிக்கவும், கோவை நகரின் பஞ்சாலைகள் மட்டும் யாதொன்றும் நடவாதன போலச் சங்கூதி ஊரை எழுப்பி, சங்கூதி உள்ளே அழைத்து, சங்கூதி வெளியே விட்டுக்கொண்டிருந்தன. உழுத காடு கைவிட்டபோது உழவர் மக்கள் நூலைப் பிடித்தேனும் பிழைப்போம் என்று நகருக்குள் வந்துகொண்டிருந்த ஐம்பதுகளின் பிற்பகுதி. கதிரவன் உச்சியில் நின்று ஓட்டுக்கூரைகளைக் காய்ச்ச, காகங்களும் வேம்பின் நிழலில் வாய்பிளந்து அமர்ந்திருந்த ஒரு நண்பகலில், நகரின் கீழ்ப்புறத்து ஆலையொன்றின் நூல்சுற்றும் கூடத்திற்குள் உங்களை அழைத்துச் செல்கிறேன், வாருங்கள். காதைப் பொத்திக்கொள்ளுங்கள். நான் சொல்வதை என் உதட்டைப் பார்த்துத்தான் நீங்கள் அறிய வேண்டியிருக்கும்.

அக்கூடத்தில் அறுபது பெண்டிர் நின்று வேலை செய்தனர். ஆயிரம் நூற்கதிர்கள் ஒருங்கே சுழன்று எழுப்பிய இரைச்சலில், பக்கத்தில் நிற்பவர் தொண்டை கிழியக் கத்தினாலும் காதை எட்டாது. ஆகவே அங்கே யாரும் காதால் கேட்பதில்லை, கண்ணால் கேட்பார்கள். எதிரிலிருப்பவரின் உதடு ஒட்டுவதையும் குவிவதையும் விரிவதையும் கொண்டே, தண்ணீர் வேண்டுமா, இழை அறுந்ததா, மாமியார் என்ன சொன்னார் என்பன வரை எல்லாம் பேசிமுடித்துவிடுவார்கள். இதில் வெளியூர்க்காரர் எவரும் எண்ணிப் பார்த்திராத சிக்கலொன்று உண்டு. எம் கொங்கு நாட்டார் பேச்சின் உயிர்நாடி 'ங்க' என்னும் ஈற்றொலி. வாங்க, இருங்க, ஆமாங்க, இல்லீங்க என்று எச்சொல்லின் வாலிலும் அதைக் கட்டாவிட்டால் எமக்கு நா அடங்காது, சண்டையிலும் 'உங்களை வெட்டிப்போடுவேனுங்க' என்பவர்கள் என்று பிற நாட்டார் எம்மைக் கேலி பேசுவர், பேசட்டும். ஆனால் அவ்வொலி தொண்டையருகே பிறந்து மூக்கின் வழியே கழிவது. உதடு அதற்கு அசைவதே இல்லை. எனவே உதட்டைப் பார்த்துச் சொல்லறியும் அக்கூடத்தில் ஙகரத்தைச் சொன்னவருக்கும் சொல்லாதவருக்கும் வேறுபாடு தெரியாது. நாளடைவில் பலரும் அதைச் சொல்வதையே விட்டுவிட்டனர்.

அறிவுடையீர், இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எம் பணிவைப் புகழ்வோர் பலர் உளர். அப்பணிவு எல்லார்க்கும் ஈயப்பட்டதன்று. தலைமுறை தலைமுறையாய்ப் பிறர் காட்டில் உழைத்துத் தமக்கென்று ஒரு சாண் நிலமும் இல்லாத குடியினரை, அவர் தலை நரைத்திருந்தாலும், பால்பல் விழாத பிள்ளைகூட 'டேய்' என்றே கூப்பிடும். அவரோ 'வாரேனுங்க சாமி' என்று ஓடிவருவார். வருகிற ஙகரம் ஒன்று, போகிற ஙகரம் ஒன்றுமில்லை. இதைப் பண்பாடு என்று யாரேனும் என்னிடம் சொன்னால் எனக்குச் சினம் வருகிறது. ஆகவே இக்கதையில் எல்லாரையும் 'அவர்' என்றே எழுதப் போகிறேன். பொன்னாத்தாளையும் அவள் மகளையும் மட்டும் மகள்முறை உரிமையால் 'அவள்' என்பேன். கூசுகிறவர்கள் ஏட்டை இங்கேயே மூடிவிடலாம்.

பொன்னாத்தாள் அன்னூர்ப் பக்கத்தில் நிலமுடைய குடியில் பிறந்து, நிலமுடைய குடியில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் காய்ச்சலில் மாண்டு, கிணறும் வறண்டு, கன்று காலிகளும் கைமாறியபின், ஏழு வயது மகள் பாவாத்தாளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுக் கணவரின் அத்தை கருப்பாத்தாளின் துணையால் ஆலைக்கு வந்து சேர்ந்தாள். கருப்பாத்தாளும் அதே கூடத்தில் பதினைந்தாண்டாய் நூல் சுற்றுபவர். பொன்னாத்தாளுக்குக் கிடைத்தது பதிலாள் வேலை. வாராதவர் இடத்தில் நிற்பதே அது. பத்து மாதம் நாள் தவறாமல் நின்றபின், நிலையான பணியாளர் பட்டியல் வரும் சனிக்கிழமை ஒட்டப்படும் என்றும், அதில் அவள் பெயர் உண்டு என்றும் மேற்பார்வையாளர் சென்னகேசவனாரே சொல்லியிருந்தார். பெயர் வந்தால் ஆலைக் குடியிருப்பில் ஓரறை வீடு கிடைக்கும். வீடு கிடைத்தால் மகளை அழைத்து வரலாம். அதற்காகவே அவள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள்.

கூடத்தைப் பெருக்குபவர் மாரப்பனார், ஐம்பத்தைந்து வயதினர், நான் மேலே சொன்ன நிலமற்ற குடியினர். அவர் அங்கே இருப்பதை அறுபது பெண்டிரில் ஒருவரும் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்றால் கண்ணில் படவில்லை என்பதன்று. சுவர் கண்ணில் படுவதுபோல் அவரும் பட்டார், அவ்வளவுதான். பொன்னாத்தாள் வேலைக்கு வந்த ஐந்தாம் மாதம், தம் மகளின் பேறுகாலத்திற்காக மாரப்பனார் ஒருநாள் வராதிருந்தார். வேறொருவர் வந்து பரபரவென்று பெருக்கிவிட்டுப் போனார். அன்று உச்சிப்பொழுதில், சுவரோரம் வரிசையாய் வைத்திருந்த தூக்குப்போசிகளைத் திறந்தவரெல்லாம் முகம் சுளித்தனர். மூடியிடுக்கு வழியே புகுந்த பஞ்சுப் பிசிறு கம்பஞ்சோற்றின்மேல் பூஞ்சணம் பூத்தாற்போல் படிந்திருந்தது. 'என்ன பாழாப்போன சோறு' என்று எல்லாரும் பிசிறைப் பொறுக்கிப் பொறுக்கித் தின்றனர். பொன்னாத்தாளுக்கோ வேறொன்று உறைத்தது: இத்தனை நாள் ஏன் இப்படி ஆகவில்லை?

மறுநாள் மாரப்பனார் வந்ததும் அவரைப் பார்த்தாள். போசிகள் இருக்கும் சுவரோரத்தை அடைந்ததும் அவர் துடைப்பத்தைக் கீழே வைத்தார்; கையால் நீரள்ளிப் பிசிறு எழாதபடி தரையெங்கும் தெளித்தார்; முழந்தாளிட்டு அமர்ந்து, ஒரு போசியையும் தொடாமல், போசிகளுக்கு எதிர்ப்புறமாக மெல்ல மெல்லக் கூட்டி எடுத்தார். அறுபது போசிகள். அரைமணி நேரம். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஐந்து மாதம் தான் தூய சோறு உண்டது ஒருவரின் முழங்கால் தேய்ந்ததால்தான் என்பதை, அவரை நாள்தோறும் தாண்டி நடந்தும் தான் அறியவில்லையே என்று பொன்னாத்தாளுக்கு வெட்கமாகிவிட்டது.

ஒருவரையொருவர் வழியனுப்புகையில் நம் மக்கள் 'பார்த்துப் போங்க' என்பர். மலைக்குகையில் கண்மூடி அமர்ந்தோர் ஆண்டாண்டாய்த் தேடும் விழிப்பு அந்த ஒரு சொல்லுக்குள் கிடக்கிறது. நாமோ அதை நாள்தோறும் வாசலில் சிந்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். பொன்னாத்தாள் அச்சொல்லைப் பிடித்துக்கொண்டாள். 'இனி எதையும் பாத்துத்தான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இழை அறுந்தால் அறுந்த இழையைப் பார்த்தாள். முடிச்சிடும் விரலைப் பார்த்தாள். மூச்சு முட்டினால் அதையும், பக்கத்துப் பெண்மேல் எரிச்சல் வந்தால் அதையும் வந்தது வந்தபடியே பார்த்தாள். வாயிலிருந்து ஒரு சொல் புறப்படுமுன், இது யாரிடம் போகிறது என்று அந்த முகத்தைப் பார்த்தாள். பார்த்தபின், மாரப்பனாரை 'மாரா' என்று கூப்பிட அவளால் இயலவில்லை. அவர் தன் பொறியருகே வரும்போதெல்லாம் அவரை நோக்கி, 'ஏனுங்கண்ணா, சாப்பிட்டீங்களா?' என்று கேட்கலானாள். முதல்நாள் நாக்குக் கூசியது. மறைக்க வேண்டியதில்லை, பழகிய நாக்கு அப்படித்தான். மாரப்பனார் தலைநிமிர்ந்து யாருடைய உதட்டையும் பார்ப்பவரல்லர். ஆதலால் அது அவருக்கும் எட்டவில்லை, எவருக்கும் எட்டவில்லை. ஆகா, என்ன துணிவு என்று வியக்க வேண்டாம். இரைச்சலுக்குள் ஒளிந்துகொண்டு அன்பு காட்டுவதற்குத் துணிவு எதற்கு? அந்நாள்வரை அவள் அன்பு பாதி, அச்சம் பாதியாகவே இருந்தாள்.

வியாழக்கிழமை நண்பகலில் அது வெளிப்பட்டுவிட்டது. மலைமேல் அணைகளில் நீர் வற்றியமையால் அன்று முதன்முறையாக, முன்னறிவிப்பின்றி, மின்வெட்டு வந்தது. சுழன்றுகொண்டிருந்த கதிர்கள் முனகித் தளர்ந்து நின்றன. பத்து மாத இரைச்சலில் மரத்த காதுக்கு அமைதியும் இரைச்சலாகவே கேட்டதால், பொன்னாத்தாள் அதை உணரவில்லை. மாரப்பனார் அருகே வரக் கண்டு, பொறிகள் ஓடும்போது கத்துவதுபோலவே உரக்கக் கேட்டாள்:

"ஏனுங்கண்ணா, சாப்பிட்டீங்களா?"

கூடத்தின் நான்கு சுவரிலும் அது மோதித் திரும்பியது. மாரப்பனாரின் கையிலிருந்து துடைப்பம் விழுந்தது. தமக்குப் பின்னால் யாரேனும் நிற்கிறாரோ என்று அவர் திரும்பிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது.

"அடி ஆத்தாடி!" என்று முதலில் வாய் திறந்தவர் கருப்பாத்தாள். "யாரைப் பாத்து என்ன பேச்சுடி பேசறே? கூட்டறவனுக்கும் ங்க, எனக்கும் ங்கன்னா, அப்பறம் எனக்கு என்னடி மருவாதி?"

அறுபது பேரும் ஒருங்கே பேசத் தொடங்கினர். சென்னகேசவனார் விரைந்து வந்தார். அவர் ஆலை முதலாளிகளின் தூரத்து உறவினர், கொடியவர் அல்லர், பொன்னாத்தாளின் பெயரைப் பட்டியலில் சேர்க்க மெய்யாகவே முயன்றவர். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னார்:

"வாய் தவறி வந்திருக்கும், எனக்குத் தெரியுதுங்க அம்மணி. ஆனா எல்லாருங் கேட்டுப்போட்டாங்க. அப்புடியே உட்டா நாளைக்கு இவனுகளுக்குக் கொம்பு மொளைக்கும். இனித் தெனமும் இந்நேரத்துக்குக் கரண்டு போவுமாமுங்க. நாளைக்குப் போனதும், எல்லாருங் கேக்கறாப்புல, 'டேய் மாரா, இங்க வாடா'ன்னு ஒருக்காக் கூப்புட்டுருங்க. அத்தோட தீந்துது. சனிக்கெழமை பட்டியலைக் கெடுத்துக்காதீங்க."

பாருங்கள், இவ்வளவு கொடுமையை எவ்வளவு ஙகரம் இட்டுச் சொல்கிறார்! ஒரே ஒரு 'டேய்'. நெஞ்சறிய வேண்டியதில்லை, நாக்கு அசைந்தால் போதும். அதற்கு ஈடாக மகள்.

மறுநாள் காலைச் சங்குக்கு முன்னரே மாரப்பனார் ஆலைக் கதவோரம் காத்துநின்றார்.

"சொல்லிப்போடுங்க அம்மணி," என்றார். "எனக்கு அது பொறந்ததுல இருந்து பழகுன பேருதானுங்க. ஒரு டேய்க்கு நான் செத்தா போயிருவேன்? உங்க கொழந்தை உங்ககிட்ட வரோணுமுங்க."

"நான் சொல்லாட்டி உங்களை ஏதாச்சும் பண்ணுவாங்களாண்ணா?"

"என்னைய என்னுங்க பண்ணுவாங்க? இந்தப் பிசிறைக் கூட்டறதுக்கு வேற ஆளு கெடைக்கோணுமே."

"நேத்து நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலீங்களே."

மாரப்பனார் தலையைக் குனிந்துகொண்டார். சங்கு ஊதியது. இருவரும் உள்ளே சென்றனர்.

வெள்ளிக்கிழமை நண்பகல். கதிர்கள் தளர்ந்து நின்றன. பெண்டிர் எல்லாரும் கைவேலையை விட்டுத் திரும்பினர். சென்னகேசவனார் கூடத்தின் நடுவே வந்துநின்று, 'ஆகட்டும்' என்பதுபோல் தலையசைத்தார். பொன்னாத்தாள் பொறியைவிட்டு முன்னே வந்தாள். மகளின் தலையில் மணக்கும் தேங்காயெண்ணெய் மணம் எங்கிருந்தோ மூக்கில் ஏறியது. 'டே' என்பதற்கு நாக்கு மேலண்ணத்தைத் தொட்டும்விட்டது. அப்போது வழக்கம்போல, இச்சொல் யாரிடம் போகிறது என்று பார்த்தாள். சுவரோரம் மாரப்பனார் கைகட்டி நின்றார். அவருடைய வேட்டியில் முழங்கால் இருக்கும் இடம் மட்டும் நைந்து ஒட்டுப் போடப்பட்டிருந்தது. சென்னகேசவனாரையும் பார்த்தாள். அவர் நெற்றியிலும் வியர்வை. அவருக்கும் மேலே யாரோ இருந்தனர். அவர்மீது வெறுப்பு வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. அச்சம் மட்டும் எங்கோ போய்விட்டிருந்தது.

"ஏனுங்க மேஸ்திரி," என்றாள். "நேத்து வாய் தவறி வரலீங்க. அஞ்சு மாசமாப் பாத்துப் பாத்துச் சொன்னதுதானுங்க. இந்தச் சத்தத்துல உங்க யாருக்குங் கேக்கலீங்க. உங்களுக்குஞ் சொல்றேனுங்க, அத்தைக்குஞ் சொல்றேனுங்க. அதுல ஒண்ணாச்சும் கொறைஞ்சுதுங்களா? என்ற பேரை நீங்க அடிச்சுப்போட்டாலும் உங்களுக்கு ங்க போடறதை நான் நிறுத்த மாட்டேனுங்க. அவருக்கும் நிறுத்த மாட்டேனுங்க."

பிறகு சுவரோரம் திரும்பி, முன்னாளினும் உரக்கக் கேட்டாள்: "ஏனுங்கண்ணா, சாப்பிட்டீங்களா?"

மாரப்பனாரின் உதடு அசைந்தது, ஒலி வரவில்லை.  

சனிக்கிழமை பட்டியலில் அவள் பெயர் இல்லை; இனியும் அவள் பதிலாள்தான். அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு பெயர் இருந்தது. அவள் அதை இருமுறை படித்துவிட்டுப் போசியை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

ஞாயிற்றுக்கிழமை அன்னூர் போனாள். மகள் துணிமூட்டையைக் கட்டிவைத்துக்கொண்டு காலை முதல் வேலியோரம் நின்றிருந்தாள். "இன்னிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னயே அம்மா?" என்றாள். "இன்னுங் கொஞ்ச நாளாகுங் கண்ணு," என்று பொன்னாத்தாள் மூட்டையை வாங்கிக் கீழே வைத்தாள். அண்ணன் மனைவியார், செய்தி முழுதும் கேட்டறிந்து, உலையை இறக்காமலே வெளியே வந்தார். "ஒரு ங்கவுக்காகப் பெத்த புள்ளைய உட்டுப்போட்டு நிக்கறயே, உனக்கென்ன கிறுக்கா?"

"அதை உட்டுப்போட்டு இவளைக் கூட்டிட்டுப் போயிருந்தா," என்றாள் பொன்னாத்தாள், "என்னையப் பாத்து இவளும் 'டேய்' போடத்தானுங்க கத்துக்கிட்டிருப்பா."

சொன்னதென்னவோ நிமிர்ந்துதான் சொன்னாள். திரும்பும் பேருந்தில் கோவை வரை அழுதுகொண்டே வந்தாள். 

திங்கட்கிழமை நண்பகலும் வந்தது, மின்வெட்டும் வந்தது. கதிர்கள் அடங்கிய அமைதியில் யாரோ கை தவறி ஒரு கூடை நூற்கழிவைக் கொட்டிவிட்டனர். சென்னகேசவனார் பழக்கத்தால் கையை உயர்த்தி, "டே..." என்று தொடங்கினார். அறுபது தலைகள் திரும்பின. வாயில் அச்சொல் முள்போல் நின்றுகொண்டது போலும், விழுங்கினார். சுவரைப் பார்த்துக்கொண்டு, "இந்தப் பக்கம் கொஞ்சம் பெருக்கோணும்," என்றார். அதில் ஙகரம் இல்லை. ஆனால் டகரமும் இல்லை. நான்கு நாளில் ஓராலை அவ்வளவு தொலைவு நடந்ததே பெரிது என்பேன்.

மாரப்பனார் பெருக்கினார். பெருக்கிக்கொண்டே பொன்னாத்தாளின் பொறியருகே வந்தார். கண்கள் வீங்கியிருந்த அவள் அன்று ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு மேலும் இடர் வந்துவிடக்கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டாள். அவர் நின்றார். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். ஐம்பத்தைந்தாண்டு வளைந்திருந்த முதுகை மெல்ல நிமிர்த்தி, அவள் முகத்தை நேரே பார்த்து, கூடம் முழுதும் கேட்கச் சொன்னார்:

"சாப்பிட்டேன் கண்ணு. நீ சாப்பிட்டயா?"

அச்சொல்லில் ஒரு ஙகரமும் இல்லை. நிலமுடைய குடியில் பிறந்த ஒருவரிடம், வாழ்நாளில் முதன்முறையாக, அவர் அதை இடாமல் பேசினார். மகளிடம் பேசுவார்க்கு அது எதற்கு? கருப்பாத்தாள் வாயில் கைவைத்தார்.  பொன்னாத்தாளை அவள் தாய் மாண்டபின் எவரும் கண்ணு என்று கூப்பிட்டதில்லை.

"இன்னும் இல்லீங்கண்ணா," என்றாள்.

"போய்ச் சாப்புடு போ. சோத்துல பிசிறு உழுகாம நான் பாத்துக்கறேன்."

பாவாத்தாள் தாயிடம் வந்துசேர மேலும் ஓராண்டு ஆயிற்று. அவ்வோராண்டை எவரும் பொன்னாத்தாளுக்குத் திருப்பித் தரவில்லை. இழப்பை இழப்பென்றே எழுதுகிறேன். ஆயினும், அன்பு என்பது அடங்கி நடப்பது என்று நமக்கு யாரோ தவறாகச் சொல்லிவைத்திருக்கிறார்கள். அன்று மின்சாரம் திரும்பிக் கதிர்கள் மறுபடி இரைந்தன. ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேளாது போயிற்று. அதற்குள் அங்கே சொல்ல வேண்டியது சொல்லப்பட்டிருந்தது; கேட்க வேண்டியவர் எல்லாரும் கேட்டிருந்தனர்.